முத்திநகர் வழியில் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம்

ஆர்.கே.பேட்டை ஒருபுறம் திருத்தணிகை மலையையும் மறுபுறம் சோளிங்கர் மலையையும் அண்டையில் வைத்துக்கொண்டு, தமிழும் தெலுங்கும் கலந்து பேசி, தறி நெய்து பிழைக்கும் ஊர். இவ்வட்டாரத்தில் பக்தி என்றாலே படியேறுதல்தான். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,300க்கும் மேற்பட்ட படிகள். தணிகைக்கு ஓராண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பது வழக்கு. டிசம்பர் 31ஆம் நாள் நிகழும் படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை உண்டு. அதே இரவில் சுற்றுப்புறத்துத் தேவாலயங்களில், கடந்த ஆண்டைத் தாங்கிக் கடக்கப் பெற்ற கிருபைக்காக ஸ்தோத்திரம் செலுத்தும் ஆண்டிறுதி ஆராதனைக்கு ஜனங்கள் கூடுகிறார்கள். இவ்விரண்டாவது கூட்டத்தார் தாம் நாடும் சாசுவத ஆனந்தத்தையும், அதற்கென்று தாங்கவேண்டிய நெடிய பொறுமையையும் தமிழில் எவ்வாறு சிந்தித்து எழுதியிருக்கிறார்கள் என்பதை ஆராயப் புகுந்தால், ஏறக்குறைய முந்நூறாண்டு நூல்கள் கண்முன் வருகின்றன.

காலத்தால் முற்பட்ட பெருநூல், வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி. 36 படலங்களில் 3,615 விருத்தங்களால் வளன் என்னும் சூசையப்பரின் சரிதத்தைப் பாடும் அந்நூல் முடிசூட்டுப் படலத்தோடு நிறைவெய்துவது, பொறுமைக்குப் பேரின்பமே பரிசு என்னும் கொள்கையைக் காவிய அமைப்பினாலேயே நிலைநாட்டுகிறது. ஆயினும் வளன் ஏறத்தாழ எங்கும் தளராத உத்தமன். அவனை வணங்கலாம், துணைக்கு அழைத்துக்கொண்டு நடக்க இயலாது.

துணைக்கு வரத்தக்க பாத்திரத்தைத் தமிழுக்குத் தந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லை நாட்டுக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற அவர், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையை எடுத்துக்கொண்டு, ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்ட இரட்சணிய யாத்திரிகமாக விரித்தார். நற்போதகம் என்னும் மாத இதழில் 13 ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்த அந்நூல் 1894இல் முழுமையாக அச்சேறிற்று. விடாமுயற்சியைப் பாடிய நூலை எழுதவும் படிக்கவுமே எத்தகைய விடாமுயற்சி வேண்டியிருந்தது பாருங்கள்!

பனியன், பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக 12 ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் கிடந்தவர். அவருடைய யாத்திரிகன் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகிறான், சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறான், முத்திநகரைக் கண்ணெதிரே கண்டபின்னும் நடுவே ஓடும் மரணநதியில் மூழ்கத் தொடங்குகிறான். சந்தை வீதியின் பேச்சுமொழியில் அமைந்த இக்கதையைக் கம்பனின் விருத்தநடைக்கு உயர்த்தியபோது ஏழையின் குரல் ஓரளவு அடங்கிப்போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை ஈடுசெய்யும் பெரிய லாபம் ஒன்றுண்டு. பனியனிடம் இல்லாத வண்ணம், குமார பருவத்து இரட்சணிய சரித படலத்தில் இயேசு பெருமான் பட்ட பாடுகளையே பிள்ளையவர்கள் விரிவாகப் பாடி வைத்தார். பிள்ளையவர்களின் யாத்திரிகனாகிய ஆத்துமவிசாரி தன் வலிமையால் வழியைக் கடப்பவன் அல்லன், முன்னமே ஒருவர் தாங்கி முடித்த பாடுகளின் நிழலில் நடப்பவன் என்ற உணர்ச்சி இதனால் நூல் முழுதும் பரவி நிற்கிறது. ஆனந்தம் வழியின் முடிவில் வழங்கப்படும் கூலி என்ற நிலை மாறி, வழிநடையைத் தாங்கும் உணவாகிவிடுகிறது. தேம்பாவணிக்கும் யாத்திரிகத்துக்கும் உள்ள உண்மையான வேற்றுமை இதுவே என்பது என் கருத்து.

யாத்திரிகன் தாங்கப்பட்டே நடக்கிறான் என்னும் கருத்துக்குச் சமய சாஸ்திரத்திலும் ஒரு மூலம் உண்டு. ஆர்.கே.பேட்டையின் அண்டைப் பிரதேசமாகிய வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவிய ஸ்கடர் சகோதரர்கள், அமெரிக்காவில் குடியேறிய டச்சுச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள். அச்சபையின் பிரமாணங்களில் ஒன்று, 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய மகாசபை வகுத்தது. விசுவாசி கொடிய பாவத்தில் விழக்கூடும், ஆயினும் தேவன் அவனை முற்றிலும் கைவிடுவதில்லை, அவன் நிலைநிற்பது அவன் பிடியினாலன்று, அவனைப் பிடித்திருப்பவரின் பிடியினாலேயே என்பது அதன் ஐந்தாம் அத்தியாயத்தின் சாரம். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவன் அடியானைத் தாங்குகிறான் என்னும் வைணவர்களின் மார்ஜார நியாயத்தை அறிந்த தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று.

இவ்வாறு இரு சமய மரபுகளும் எதிர்ப்பட்டபோது விவாதமும் எழுந்தது. திருத்தணியில் 1888இல் பிறந்த தத்துவ அறிஞர் இராதாகிருஷ்ணன் அவர்கள், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவக் கண்டனத்துக்கு மறுமொழியாகவே தம் முதல் ஆய்வுநூலை 1908இல் எழுதினார். அதே விவாதத்தில் மறுகரையிலிருந்து பாலம் கட்டியவர் பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, பின்னர் கோயம்புத்தூரில் பேராயராக விளங்கிய ஏ.ஜே. அப்பாசாமி. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காட்டி 1927இல் ஒரு நூலும், மோட்சம் என்பது யாது என்று வினவி 1931இல் மற்றொரு நூலும் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். யோவான் சுவிசேஷத்தில் வரும் திராட்சைச் செடியையும் கொடிகளையும் பற்றிய உவமையே அவருக்கு ஆதாரம். மோட்சம் மரணத்துக்குப்பின் தொடங்குவதன்று. தேவனோடு அன்பிலும் சித்தத்திலும் ஒன்றி நிலைத்திருக்கும் வாழ்வு இங்கேயே ஆரம்பமாகிறது என்றார். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் கற்ற பின்பே இவ்வாறு எழுத முடிந்தது. இந்நூல்களை அவர் தமிழில் எழுதாதது நமக்கு நேர்ந்த குறைதான்.

இதுவரை சொன்ன ஆசிரியர்களில் எவரும் பசியோடு விசுவாசத்தைக் காத்தவர்களின் அநுபவத்தை நேரே எழுதவில்லை. 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில், தெலுங்கு நாட்டு ஓங்கோலில் ஜான் கிளஃப் என்னும் பாதிரியார் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஏழைகளுக்குக் கூலி தேடித்தந்தார். சோற்றுக்காக மதம் மாறுகிறார்கள் என்ற பழி எழாதிருக்க, ஓராண்டுக்கும் மேலாக ஞானஸ்நானத்தையே நிறுத்தி வைத்தார். அத்தனை காலமும் காத்திருந்து, 1878 ஜூலையில் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 2,222 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதிகர் என்னும் தலித் சாதியினர். இத்தகைய மக்களின் சந்ததியார்க்கு, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவராக நீடிக்கும்வரை பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்று விதித்தது. அந்த நஷ்டத்தைத் தெரிந்தே சபையில் நிலைத்தவர்களின் பொறுமையைச் சபை வரலாறுகள் ஓரிரு பத்திகளில் கடந்துவிடுகின்றன.

அக்குறையை நிரப்பத் தொடங்கியவை சமய நூல்கள் அல்ல, நாவல்களும் சுயசரிதையும்தாம். இமையத்தின் கோவேறு கழுதைகள், புதிரை வண்ணார் குலத்துக் கிறிஸ்தவப் பெண்ணாகிய ஆரோக்கியத்தை 1994இல் நம்முன் நிறுத்திற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே பாமாவின் கருக்கு வந்துவிட்டது. ஏழைகளுக்குப் பணிசெய்யும் ஆசையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே வறுமை விரதம் வெறும் சொல்லாக இருக்கக் கண்டு, வேலையும் வருவாயும் இன்றி வெளியேறிய தலித் பெண்ணின் கதை அது. அவர் விசுவாசப் பாதையை விட்டு விலகினார் என்று சொல்வோர் உண்டு. மாயாபுரிச் சந்தையில் சரக்கு வாங்க மறுத்துத் துன்புற்ற நிதானி என்னும் யாத்திரிகனைக் கிருஷ்ண பிள்ளையிடம் படித்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். இரட்சணிய யாத்திரிகத்தை அடுத்துப் பாடம் வைக்கத்தக்க நூல் கருக்கு என்றே நான் கருதுகிறேன்.