இழுத்தால் உப்பும்

மண்டபம் ஊருக்கு வடக்கே கடலில், கால் எட்டாத ஆழத்துக்குப் போன பிறகு பலகையின் மூக்கு குத்தியது. நான் முன்னால் போய் விழுந்தேன். பாய் என் மேல் வந்து படிந்தது. விண்ட்சர்ஃபிங் பழகுகிறவர்களுக்கு இது தினப்படிச் சமாசாரம். கொஞ்சம் முங்கி, பாயின் ஓரத்துக்கு நகர்ந்து தலையைத் தூக்கினால் போதும். அன்று நான் போட்டிருந்ததோ படகுச் சவாரிக்குக் கொடுக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அது என்னை முங்க விடவில்லை. மூழ்காமல் காப்பதற்கென்றே செய்த பொருள், என்னைப் பாயின் அடியோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டது. பாயை உள்ளங்கையால் தள்ளி, மூச்சுக்கு இடம் பண்ணி வெளியே வந்ததெல்லாம் பத்து நொடிக் கதைதான். ஆனாலும் அந்த வாரமே, வேண்டும்போது மட்டும் உப்புகிற வகையைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று மாதமாக இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். ஒன்று இடுப்பில் கட்டும் பை, மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பெரியது. மற்றது ராஷ் கார்டு என்னும் உடம்பொட்டிய கடல் சட்டைக்குள் போடும் மெல்லிய மேற்சட்டை, நண்பரிடம் இரவல் வாங்கியது. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. நான் பட்ட சிரமங்கள் பெரும்பாலும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல, இந்த ஏற்பாட்டுக்கே உரியவை.

ஏற்பாடு எளிது. பைக்குள் மடித்து வைத்த காற்றுப்பை, அதன் வாயில் 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த விரல் நீளச் சிலிண்டர். கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தால் ஓர் ஊசி சிலிண்டரின் மூடியைத் துளைக்கும். கோலி சோடாவில் இருக்கும் அதே வாயு சீறிக்கொண்டு காற்றுப்பைக்குள் பாயும். நம் ஊர் வெப்பத்தில் 16 கிராம் என்பது ஏறத்தாழ 9 லிட்டர். அதாவது ஒன்பது கிலோ எடையைத் தாங்கும் மிதப்பு. ஒன்பது கிலோவா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். தண்ணீருக்குள் மனித உடம்பு கிட்டத்தட்ட எடையற்றது. தலையை மட்டும் வெளியே வைத்திருக்க ஏறத்தாழ அதில் பாதியே பெரும்பாலும் போதும்.

கப்பலிலும் படகிலும் தண்ணீர் பட்டதும் தானாக உப்பும் ஜாக்கெட்டுகள் உண்டு. விண்ட்சர்ஃபிங்குக்கும் அலைச்சறுக்குக்கும் அவை ஆகாது. முதல் முங்கலிலேயே உப்பிவிட்டால் அன்றைய பொழுது அதோடு சரி. எனவே இங்கே கையால் இழுப்பது மட்டுமே.

அலைக்காரர்களிடம் இந்தச் சங்கதி வந்து சேர்ந்த வழி கொடூரமானது. 2010இல் கலிஃபோர்னியாவின் மேவரிக்ஸில் ஹவாய்க்காரர் ஷேன் டோரியன் அடுத்தடுத்து இரண்டு அலைகளுக்கு அடியில் சிக்கிச் செத்துப் பிழைத்தார். பிறகு பில்லபாங் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய வி1 என்ற உடை மறு ஆண்டே வந்தது. இழுத்தால் முதுகுப் பக்கம் உப்பும். இன்று பெரிய அலைகளுக்குப் போகிறவர்கள் அணியும் மேற்சட்டைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் இருக்கும்: ஒரு முறை உப்பி மேலே வந்து, காற்றை இறக்கிவிட்டு, அடுத்த அலைக்கு முங்கி, மறுபடி இழுக்கலாம்.

இடுப்புப் பையைக் கோவளத்துக்கு எடுத்துப்போன அன்று, அங்கே அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் மீனவ வீட்டுப் பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இத்த எப்போ இழுப்பீங்கண்ணா?”

“மூழ்கும்போது.”

“மூழ்கறப்போ இத்தத் தேடிப் புடிச்சி இழுக்கற அளவுக்கு நெதானம் இருந்தா, நீங்க ஏன் மூழ்கப் போறீங்க?”

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. பலகையில் குப்புறப் படுத்துத் துழாவ வேண்டும் என்பதால் பையை முதுகுப்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தேன். கையேடும் அப்படித்தான் சொல்கிறது. நடுத்தரமான அலை ஒன்று என்னைப் புரட்டியது. சோதனைக்காகவே இழுத்துப் பார்க்கலாம் என்று கை போனது. கைப்பிடி இல்லை. பட்டை சுழன்று பை இடது விலாவுக்கு நகர்ந்திருக்க, நான் வலது பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். நிதானமாக, சோதனை மனநிலையில் இருந்தவனுக்கே இந்தக் கதி. கைப்பிடி கிடைப்பதற்குள் அலை என்னை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விட்டது.

அதன் பிறகு பட்டையை மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கி, பையை வலது இடுப்பெலும்புக்கு மேலே நிறுத்தினேன். படுத்தால் லேசாக உறுத்தும், உறுத்தட்டும். தினமும் கரையில் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை கையைக் கொண்டுபோய்த் தொட்டேன், பெல்ட் போடப் பழகும் பள்ளிப் பையன் மாதிரி. இரண்டாவது வாரத்தில் அலைக்குள்ளேயே கை நேராகப் போனது. இழுத்தேன். புஸ்ஸென்ற சத்தம் தண்ணீருக்குள்ளும் கேட்டது. மூன்று எண்ணுவதற்குள் காற்றுப்பை மஞ்சள் உருளையாக மேலே போய் நின்றது. நான் அதன் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இந்தப் பை உங்கள் முகத்தை மேலே திருப்பி வைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்துத் தொங்கத்தான் முடியும். மண்டையில் பலகை அடித்து நினைவு தப்பியவருக்கு இது வெறும் மஞ்சள் பலூன்.

மேற்சட்டையில் அந்தத் தேடல் இல்லை; கைப்பிடி நெஞ்சோரம் அதே இடத்தில் இருக்கும், உப்புவதும் உடம்போடு சேர்ந்தே. ஆனால் அது குளிர்கடலுக்குச் செய்தது, வெட்சூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சித்திரை வெயிலில் ராஷ் கார்டுக்குள் போட்டால் வேர்த்து ஊற்றுகிறது. ராஷ் கார்டு இறுக்கமாக இருந்ததால், உப்பியபோது விலாவை நெரித்தது வேறு. கோவளத்து அலைக்கு இது அதிகம். ஜெட் ஸ்கியோடு மீட்புக்கு ஆள் நிற்கும் இடத்தில் இதற்கு வேலை இருக்கிறது.

இடுப்புப் பைக்கு உண்மையான இடம் மண்டபம்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வடகரையில் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். பாய்மரத்தின் அடி மூட்டு உடைந்தால் ஒவ்வொரு நிமிடமும் கரை தள்ளிப்போகும். அங்கே எதிரி அலை இல்லை, அலுப்பு. நிதானமாகத் தேடி இழுக்க நேரம் இருக்கும். மஞ்சள் உருளை தூரத்துப் படகுக்காரர் கண்ணிலும் படும். பலகையை மட்டும் விட்டுவிடக் கூடாது, எந்தப் பையையும்விட அதுதான் பெரிய மிதவை. ஒரு சிக்கல்: பாயின் இழுவையைத் தாங்க இடுப்பு ஹார்னஸ் போடுகிறவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். உட்காரும் வகை ஹார்னஸ் என்றால் தகராறு இல்லை.

ஒரு முறை இழுத்தால் ஒரு சிலிண்டர் காலி. புதிதாகப் பூட்டி, காற்றை ஒட்ட உறிஞ்சி எடுத்து, கையேட்டுப் படத்தில் உள்ள மடிப்பு வராமல் நான்கு முறை பிரித்து மடித்ததில் முதல் நாள் கால் மணி நேரம் போயிற்று. சோடா மேக்கருக்கு விற்கும் 8 கிராம் சிலிண்டர் பொருந்தாது, அதற்கு மரை கிடையாது. விமானத்தில் கொண்டுபோக முன்கூட்டியே அந்த விமான நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும்; அந்த வம்பே வேண்டாம் என்று நான் விமானத்தில் போவதில்லை.

உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளைப் பிரியம். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தும், ஆறாவது வாரத்தில் சிலிண்டரின் கழுத்தில் துரு. உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்த்தோ குலுக்கியோ கண்டுபிடிக்க முடியாது. எடை போட வேண்டும். இருக்க வேண்டிய எடை உடம்பிலேயே பொறித்திருக்கும். மாதம் ஒரு முறை சமையலறைத் தராசில் வைக்கிறேன். சென்ற ஞாயிறு இருந்த இரண்டில் ஒன்று மூன்று கிராம் குறைவு. பையில் பூட்டியிருந்தது அதுதான்.