கெடே மலையில் மரங்களை அளந்துகொண்டு ஏறுதல்

மேற்கு ஜாவாவில் உள்ள கெடே மலைக்குப் போகும் பிரயாணிகளில் பலர், நள்ளிரவில் கைவிளக்குடன் புறப்பட்டு, 2,958 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் சூரியோதயத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தத் தரிசனம் அற்புதமானதுதான் என்றாலும், வழி நெடுக அவ்வனம் காட்டும் விந்தை இருளிலே மறைந்துபோகிறதே என்று எனக்கு வருத்தம் உண்டாகிறது.

ஆகையால், 1852-ல் ஸ்தாபிக்கப்பட்ட சிபோடாஸ் தாவரத் தோட்டத்தை ஒட்டித் தொடங்கும் பாதையில், பகல் வெளிச்சத்தில், நிதானமாக ஏறுங்கள். (சுந்தானிய மொழியில் 'சி' என்றால் நீர், அப்பிரதேசத்து ஊர்ப்பெயர்கள் பல அவ்வெழுத்தில் தொடங்குவதே அம்மலையின் தாராளத்துக்குச் சாட்சி.) ஐம்பது மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய ரசமாலா விருட்சம் ஒன்றின் அடியில் நின்று, கழுத்து நோக அண்ணாந்து, அதன் உயரத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் மணிக்கொரு தரம் நின்று கவனித்தால், மரங்கள் குட்டையாகிக்கொண்டே வருவதும், அவற்றின் உடலில் பாசி கம்பளம்போல் தடித்துக்கொண்டே போவதும் உங்களுக்கே புலப்படும்.

நடுவழியில் வெந்நீர் ஓடை ஒன்று குறுக்கிடும். ஆவி கண்ணை மறைக்க, ஈரப் பாறைகளின்மேல் கயிற்றைப் பற்றி அடியெடுத்து வைக்கையில், இத்தனை பசுமைக்கும் கீழே அக்கினி அணையாமல் இருக்கிறது என்பதைப் பாதங்களே உணர்ந்துவிடும்.

'காண்டாமிருகத் தொழுவம்' என்று பொருள்படும் காண்டாங் பாடாக்கில் இராத் தங்கி, விடிந்தபின் ஏறினால், கந்தக வாடை வீசும் எரிமலை வாயின் விளிம்பில், சாந்திகி என்னும் முறுக்கேறிய குறுஞ்செடிகளைக் காண்பீர்கள். ரசமாலாவின் அடியில் நின்று வந்தவருக்கே அச்செடியின் அருமை தெரியும். எதிரே, 3,019 மீட்டர் பங்ராங்கோ, உச்சிவரை வனம் போர்த்த கூம்பாக நிற்கும். 1861-ல் இவ்விரு மலைகளிலும் ஏறிய இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், உச்சிப் பிரதேசத்தில் ஐரோப்பியத் தாவரங்களுக்கு உறவான பிரிமுலா மலரைக் கண்டு வியந்து, பூமி குளிர்ந்திருந்த பனியுகத்தில் தெற்கே பரவிவந்த செடிகள், வெப்பம் மீண்டபோது மலையுச்சிகளில் ஒதுங்கித் தங்கிவிட்டன என்று விளக்கம் கூறினார்.

முற்பகலிலேயே மேகம் ஏறிவிடக்கூடுமாதலால், அங்கே அதிகம் தாமதியாமல், சிகரத்துக்குக் கீழே விரியும் சூர்யகெஞ்சானா புல்வெளிக்கு இறங்குங்கள். சூரியன், காஞ்சனம் என்ற நம் காதுக்குப் பழகிய இரு சொற்களும் அப்பெயரில் ஒலிக்கின்றன. ஜாவா எடெல்வைஸ் புதர்கள் வெண்பஞ்சு போர்த்தாற்போல் அங்கே நிறைந்திருக்கும். பறிப்பது சட்டப்படி குற்றம்; ஆகவே குனிந்து, அந்த ரோமம் படர்ந்த இலையை விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.