அறத்தொடு நிற்கும் பொம்மை: இளையோர் நாவலும் கொடைக்கானல் களமும்

தமிழில் இளையோர் நாவல் பற்றிய பேச்சு பெரிதும் மேலைநாட்டு முன்மாதிரிகளிலிருந்தே தொடங்குகிறது. எளிய வீட்டுப் பிள்ளை வயதுக்கு மீறிய நெருக்கடியில் சிக்குதல் என்னும் கதைக்கூறு நமக்குப் புதியதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கச் சென்ற இளம்பெண்கள் மதயானையை எதிர்கொள்கின்றனர். பின்னர்த் தலைவி மெலிகிறாள். செவிலி குறிகேட்டும் தெய்வம் பரவியும் காரணம் தேடுகிறாள். தோழி உண்மையை எடுத்துரைக்கிறாள். 261 அடிகளும் அறத்தொடு நிற்கும் தோழியின் கூற்றே. யானையைக் காட்டிலும் அரியது, பெரியவரிடம் உண்மையைச் சொல்வது.

சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இரு நாவல்களை இந்நோக்கில் காணலாம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (விருது 2020) பாலியல் தொல்லையைப் பேசுகிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (விருது 2023) கீழடித் தொன்மைக்குள் சிறுவனை அழைத்துச் செல்கிறது. இரண்டிலும் வழிகாட்டி ஒரு பொம்மை. முன்னதில் பேசும் மரப்பாச்சி தோழியின் இடத்தில் நிற்பதால் உத்தி வேர்கொள்கிறது. பின்னதில் பொம்மை காலத்தின் வாயில் மட்டுமே. அறிதல் உண்டு, சொல்லவேண்டிய இக்கட்டு இல்லை. அதனால் வரலாற்றுச் செய்தி கதையை முந்திவிடுகிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மரப்பாச்சியின் வெற்றிக்கும் ஒரு வரையறை உண்டு. குற்றவாளி தனிமனிதன், சொன்னால் கேட்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இவ்விரண்டும் இல்லாத களம் கபிலர் பாடிய பேகனின் பழனிமலைத் தொடரிலேயே இருக்கிறது. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு கண்டறியப்பட்டு மக்கள் திரண்டபின் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் உடல்நலக் கேடுகளை முறையிட்டனர். நிறுவனம் தொடர்பை மறுத்தது. 2016இல் 591 பேருடன் உடன்படிக்கை ஏற்பட்டது.

2001க்கு முந்தைய அந்நகரில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியைக் கருதுக. தந்தையின் கைநடுக்கத்தை அவள் காண்கிறாள். தாய் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறாள். செவிலியின் குறிகேட்டல் மறுபடியும் நிகழ்கிறது. காரணத்தை மகள் உணர்ந்துவிட்டாலும் யாரிடம் சொல்வாள்? சொன்னால் வீட்டின் கூலி நிற்கும். கேட்பவரும் அக்கூலியில் உண்பவரே. இங்கே மரப்பாச்சி வாய்திறந்தால் நாவல் பொய்யாகிவிடும். சொல்லத் தயங்குவதும், சொல்லியும் கேட்கப்படாமல் போவதும் பக்கம் பக்கமாக நீள வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் செவிலி இறுதிவரை செவிகொடுக்கிறாள். செவிகொடுக்க இயலாத செவிலியை இனித்தான் எழுத வேண்டும்.