நரகம் கற்றுத் தந்த பாடம்

மதங்கள் கட்டிய மாளிகையில் மேல்தளம் மோட்சம், கீழ்த்தளம் நரகம். மேல்தளத்தின் ஒளியைக் காட்டி மக்களை அழைத்தனர். கீழ்த்தளத்தின் இருளைக் காட்டி மக்களை அடக்கினர். ஆசையால் வந்தவர் சிலர். அச்சத்தால் வந்தவர் பலர்! மனிதனின் ஆசைக்கு எல்லை உண்டு, அச்சத்திற்கு எல்லை இல்லை என்பதை நன்கு உணர்ந்தவர்கள் குருமார்கள். ஆதலால்தான் மோட்சத்தை நாலு சொற்களில் முடித்துக்கொண்டு, நரகத்தை நாள் முழுதும் வருணித்தனர்.

அந்தக் கீழ்த்தளத்தைப் படிப்படியாய் இறங்கிப் பார்த்ததாக ஒரு கவிஞன் பாடினான். இத்தாலியின் பிளாரென்ஸ் நகரத்துத் தாந்தே! ‘டிவைன் காமெடி’ என்று உலகம் போற்றும் அவனுடைய காவியம் நூறு காண்டங்கள் கொண்டது. அவற்றுள் 34 காண்டங்கள் நரகத்திற்கே உரியவை.

“நரகத்தை நம்பாத நமக்கு அந்த நரகப் பாட்டு எதற்கு?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. படித்துப் பார்த்துத் தள்ளுவது பகுத்தறிவு. படிக்காமலே தள்ளுவது, படிக்காமலே கும்பிடும் பக்திக்கு உடன்பிறப்பு! ஆகவே படிப்போம்; எடை போடுவோம்; கொள்ளத்தக்கதைக் கொள்வோம்.

நாடிழந்த நாவலன்

1265 இல் பிறந்த தாந்தே, 1300 இல் தன் நகராட்சியின் உயர் பொறுப்பில் அமர்ந்தவன். கட்சிப் பூசலில் எதிரணி வென்றது. 1302 இல், இலஞ்சம் வாங்கினான் என்ற பழி சுமத்தி நாடு கடத்தினர். திரும்பி வந்து பிடிபட்டால் உயிரோடு கொளுத்துவோம் என்றும் தீர்ப்பெழுதினர். அவன் திரும்பவே இல்லை. 1321 இல் ராவென்னாவில் கண் மூடினான். அந்தத் தீர்ப்பு தவறு என்று பிளாரென்ஸ் நகர மன்றம் தீர்மானம் செய்தது எப்போது தெரியுமா? 2008 இல்! நீதி நடக்கும் வேகத்தைப் பாருங்கள்!

நாடிழந்த அந்த மனிதனிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமை மொழி. அறிஞர் மொழி என்று அரியணையில் வீற்றிருந்த இலத்தீனை விட்டு, தாயின் மடியில் கேட்ட மொழியில் காவியம் பாடினான். சந்தையில் பேசும் மொழியில் சமய தத்துவமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தனர். சுளித்த முகங்கள் மறைந்தன. சந்தை மொழி இத்தாலிய இலக்கிய மொழியாய் உயர்ந்தது. இந்த ஒரு துணிவுக்காகவே அவனுக்கு நம் வணக்கம் உரியது.

குற்றமும் கூலியும்

தாந்தேயின் நரகம் ஒன்பது வட்டங்கள் கொண்ட பெரும் பள்ளம். வழிகாட்டி, உரோமக் கவி வர்ஜில். ஒவ்வொரு குற்றமும் அங்கே தன் வடிவத்தையே தண்டனையாக அணிந்து நிற்கிறது. ஆசைக் காற்றில் அடித்துச் செல்லப்பட்டவர்களை ஓயாத சூறாவளி சுழற்றுகிறது. குருதி சிந்திய கொடுங்கோலர் கொதிக்கும் குருதியாற்றில் மூழ்கி நிற்கின்றனர். முகத்துதி பாடியவர்கள் மலக்குழியில் கிடக்கின்றனர். வருங்காலம் உரைப்பதாய் வயிறு வளர்த்த குறிகாரர்களின் தலைகள் முதுகுப்பக்கம் திருகப்பட்டுள்ளன. முன்னால் நடப்பதைச் சொன்னவர்கள், முன்னால் பார்க்கவே முடியாமல் பின்னோக்கி நடக்கின்றனர்! வேடதாரிகள் துறவியர் அங்கி அணிந்து தள்ளாடுகின்றனர். அந்த அங்கியின் வெளிப்புறம் பொன், உட்புறம் ஈயம்!

வரிசையையும் கவனியுங்கள். காமமும் பெருந்தீனியும் மேல் வட்டங்களில், இலேசான குற்றங்களாக உள்ளன. வஞ்சகமும் நம்பிக்கைத் துரோகமும் அடிவட்டங்களில் உள்ளன. உடலின் தளர்ச்சியைவிட உள்ளத்தின் சூழ்ச்சியே கொடிது என்பது அவன் கணக்கு. பூசை தவறியதையும் கொலை செய்ததையும் ஒரே தராசில் வைக்கும் பாவப் பட்டியல்களைப் பார்த்த நமக்கு, இந்தக் கணக்கில் அறிவு தெரிகிறது. அடியாழத்தில் நெருப்பே இல்லை, பனிக்கட்டிதான்! துரோகியின் நெஞ்சு எரிவதில்லை, உறைந்து போகிறது என்று கண்டவன் மனித மனத்தை அறிந்த கவிஞன்.

தலைகீழாய் நிற்கும் தலைமைக்குரு

எட்டாவது வட்டத்திற்கு வருவோம். பாறைத் தரையில் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மனிதன் தலைகீழாய்ச் செருகப்பட்டிருக்கிறான்; வெளியே தெரியும் பாதங்களில் தீ எரிகிறது. யார் இவர்கள்? திருச்சபைப் பதவிகளைப் பணத்திற்கு விற்ற பூசாரிகள்! அங்கே கிடப்பவர் போப் மூன்றாம் நிக்கோலஸ். அடுத்து வரவேண்டியவர் போப் எட்டாம் போனிபாஸ் என்று, அவர் உயிரோடிருந்த 1300 ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதாகக் கவிஞன் கதையை அமைக்கிறான்.

அந்த 1300 தான் போனிபாஸ் அறிவித்த முதல் ஜூபிலி ஆண்டு. உரோமுக்கு யாத்திரை வந்தால் பாவ மன்னிப்பு என்றார். பாலத்தில் மக்கள் வெள்ளம் நெரிந்தது. அந்த நெரிசலைத் தாந்தே எதற்கு உவமையாக்கினான்? நரகத்தில் பெண்களை விற்ற தரகர்களும் பெண்களை ஏமாற்றியவர்களும் எதிரெதிரே ஓடும் காட்சிக்கு! மன்னிப்பு வழங்கிய இடத்தையும் மாபாதகர் ஓடும் இடத்தையும் ஒரே உவமையில் கட்டிப்போட்டான். போப்பின் அதிகாரம் நாடாளும் துறையில் நுழையலாகாது என்று வாதிட்ட அவனது ‘மொனார்க்கியா’ நூலை, அவன் இறந்து எட்டாண்டு கழித்து, 1329 இல், போப்பின் தூதர் ஒருவர் பொலோனா நகரில் கொளுத்தினார். நூலைக் கொளுத்துவோர் எந்த நாட்டிலும் ஒரே குலத்தவர்தான்!

தொட்டிலுக்கும் தண்டனையா?

இத்துடன் நிறுத்திவிட்டால் தாந்தேயைச் சீர்திருத்தக்காரர் வரிசையில் அமர்த்திவிடலாம். நிறுத்த முடியவில்லை. பூசாரியின் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கிப் பூசாரியையே அடித்தான்; ஆனால் சாட்டையை முறிக்கவில்லை!

முதல் வட்டத்தைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சிளங் குழந்தைகள் அங்கே இருக்கின்றனர். பால் மணம் மாறாத வாய் என்ன பாவம் செய்தது? ஹோமரும் சாக்ரட்டீசும் அரிஸ்டாட்டிலும் அங்கேயே. கிறிஸ்துவுக்கு முன்னே பிறந்தது அவர்கள் குற்றமாம்! வழிகாட்டும் வர்ஜிலும் அந்த வட்டத்துக் கைதிதான். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், 2007 இல், கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் குழு, அத்தகைய குழந்தைகளுக்கும் மீட்பு உண்டென்று நம்ப இடமிருக்கிறது என அறிக்கை வெளியிட்டது. இடைக்காலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து, நரகக் கதை கேட்டு நடுங்கிய தாய்மார்களின் கண்ணீருக்கு எந்த அறிக்கை ஈடாகும்?

ஆறாவது வட்டத்தில், உடலோடு உயிரும் முடிந்துவிடும் என்று கருதிய எபிக்கூரசும் அவன் வழியினரும் எரியும் கல்லறைகளில் கிடக்கின்றனர். கொன்றவன் அல்லன், கொள்ளையடித்தவன் அல்லன், சிந்தித்தவன்! அவனுக்கும் நெருப்பு. ஆனால் அங்கும் கவிஞனின் உள்ளம் மதத்தின் சட்டத்தை மீறுகிறது. பாரினாத்தா என்னும் வீரன் கல்லறையிலிருந்து நிமிர்ந்து நிற்கிறான். நரகத்தையே ஏளனம் செய்வதுபோல் நிற்கிறான் என்று தாந்தே வியக்கிறான். சட்டம் அவனைக் குற்றவாளி என்றது. கவிதை அவனைப் பெருமகன் என்றது!

இரக்கம் உறைந்த இடம்

இந்தக் காவியத்தில் நம்மை வாட்டுவது அங்குள்ள பாவிகளின் வேதனை மட்டுமன்று. பார்க்கச் சென்ற கவிஞனுக்கு நேர்ந்த மாற்றமே அதனினும் கொடிது.

ஐந்தாம் காண்டத்தில், காதலுக்காக உயிரிழந்த பிரான்செஸ்காவின் கதையைக் கேட்டுத் தாந்தே மயங்கி விழுகிறான். எட்டாம் காண்டத்தில், சேற்றில் கிடக்கும் ஒரு பிளாரென்ஸ்காரனைச் சபிக்கிறான். உடனே வர்ஜில் அவனைத் தழுவிக்கொள்கிறான்! இருபதாம் காண்டத்தில், திருகிய தலைகளைக் கண்டு அழுகிறான். அழுததற்காக வர்ஜில் கடிந்துகொள்கிறான். சினந்தபோது தழுவல், அழுதபோது கண்டனம்! இத்தகைய பள்ளியில் பயின்றவன் எப்படி வெளிவருவான்?

பனிப்பரப்பில் பாருங்கள். உறைந்து கிடக்கும் ஒருவன் பெயர் சொல்ல மறுக்கிறான். தாந்தே அவன் தலைமயிரைப் பற்றிப் பிய்க்கிறான். இன்னொருவன், விருந்துக்கு அழைத்து உறவினரைக் கொன்ற அல்பெரிகோ, தன் கண்களில் உறைந்த கண்ணீரை அகற்றுமாறு கெஞ்சுகிறான். அகற்றுவதாக வாக்களித்து, அவன் பெயரைத் தெரிந்துகொண்டு, அகற்றாமலே போகிறான் கவிஞன். துரோகிகளின் வட்டத்தில் வாக்குத் தவறுகிறான். அதையே நற்பண்பு என்றும் சொல்லிக்கொள்கிறான். கேட்டவன் கொலைகாரன்தான், ஆனால் கைவிட்டவன், பிரான்செஸ்காவுக்காக மயங்கி விழுந்த அதே மனிதன்!

இறைவனின் நீதியோடு அவன் உள்ளம் ஒன்றிவிட்டது என்று உரையாசிரியர்கள் சிலர் விளக்கம் தருவர். நாம் கேட்கிறோம்: இரக்கத்தைக் கொன்றால்தான் ஒன்ற முடியும் என்றால், அது நீதியா? தண்டனை திருத்துவதற்கு என்பர். முடிவே இல்லாத தண்டனை யாரைத் திருத்தும்? பிரம்பைக் காட்டினால் பிள்ளை தவற்றை ஒளிக்கக் கற்கும், விடக் கற்காது என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறேன். பிரம்பை ஓங்கி ஓங்கி ஆசிரியனின் கையும் மரத்துப்போகும். தாந்தேயின் கைக்கு நேர்ந்தது அதுதான்.

மக்களை நல்வழிப்படுத்த நரக அச்சம் தேவை என்று இன்றும் வாதிடுவோர் உளர். அவர்களுக்கு நாம் காட்டவேண்டிய சான்று தாந்தேயே. கல்வி மிக்கவன், நீதி மறுக்கப்பட்டு வாடியவன், பிறர் துயர் கண்டு மயங்கி விழும் மெல்லிய மனம் படைத்தவன். அவனையே நரகம் பற்றிய கற்பனை இவ்வளவு கடுமையாக்கியது என்றால், அன்றாடம் அதைக் கேட்டு வளரும் எளிய மனிதனின் நெஞ்சு என்னவாகும்? பக்கத்து வீட்டுக்காரன் எரிவதை நியாயம் என்று நம்பப் பழகியவன், அவன் வீடு எரியும்போது தண்ணீர் எடுத்து ஓடுவானா?

தாந்தேயைப் படியுங்கள், தோழர்களே! தாய்மொழியைப் போற்றிய துணிவுக்காகவும், போப்பைத் தலைகீழாய் நிறுத்திய நெஞ்சுரத்துக்காகவும் படியுங்கள். ஆனால் ஐந்தாம் காண்டத்தில் மயங்கி விழுந்தானே, அந்தத் தாந்தேயின் பக்கம் நில்லுங்கள். நரகத்தின் வாயிலில் நுழையும்போது அவனிடம் இருந்த இரக்கம், நரகம் முழுவதும் கற்றுத் தந்த நீதியைவிட உயர்ந்தது!