கத்தரியும் கண்ணும்

ஆந்திர எல்லையில் பாலசமுத்திரம் பக்கம் ஒரு பெண் பொட்டிக் திறந்தால், முதலில் வருகிற ஆள் பெரும்பாலும் கையில் ஒரு துணிப்பையோடு வருவாள். பைக்குள் வேறெங்கோ எடுத்த பட்டுப்புடவை இருக்கும். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள பிளவுஸ் வேணும்" என்பாள். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் அதே அளவில் ஒரு கடையைத் திறந்தால் வருகிறவர் வெறுங்கையோடு வருவார். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்பார்.

துணிக்கடையில் பத்துப் பதினைந்து வருஷம் நின்று வேலை பார்த்த பெண், அந்தப் பழக்கத்தை நம்பிச் சொந்தக் கடை போடுவது இரண்டு நாட்டிலும் நடக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு இலங்கையில் கிடைக்கிற மதிப்பு ஆந்திர எல்லையில் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். இங்கே கடையைத் தாங்கி நிற்பது கத்தரி, அங்கே கண்.

இங்கே துணிக்குப் பஞ்சமே கிடையாது. சித்தூர் மாவட்டத்தின் பாலசமுத்திரம் மண்டலத்தை ஒட்டித் தமிழகத்தின் பள்ளிப்பட்டு இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தில் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்குப் போனது, பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே நின்றது. துணி அந்தக் கோட்டை மதிக்கவில்லை. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் விசைத்தறி ஓடுகிறது. காளஹஸ்தியில் கலம்காரி, வெங்கடகிரியில் மெல்லிய பருத்திப் புடவை, தெற்கே போனால் காஞ்சிபுரம். இவ்வளவும் பக்கத்தில் இருக்கும்போது, துணி வைத்திருப்பதால் மட்டும் யாரும் ஒருத்தியைத் தேடி வரப்போவதில்லை. திருப்பதியின் பெரிய ஷோரூம்கள் மொத்தமாக வாங்கி விற்கிற விலை, பல நேரம் அவளுடைய கொள்முதல் விலைக்கே கீழே இருக்கும். புடவையை அவர்களிடம் எடுத்துக்கொண்டு, பிளவுஸுக்கு இவளிடம் வருவார்கள்.

ஆகவே வருமானம் தையலில் இருக்கிறது. லைனிங் வைத்த பிளவுஸ், புடவைக்கு ஃபால்ஸ், குஞ்சம், எல்லாவற்றுக்கும் மேலே மக்கம் வேலை. தமிழ்நாட்டில் ஆரி வேலை என்கிறார்களே, ஏறக்குறைய அதுதான். கல்யாணப் பெண்ணின் ஒரு மக்கம் பிளவுஸில் நிற்கிற லாபம் பத்து சுடிதார் விற்றாலும் நிற்காது. அதற்கு வேண்டியது நல்ல கட்டிங் மாஸ்டர். அவர் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டால் முகூர்த்த நாள் நெருங்க நெருங்க முதலாளியம்மாவின் தூக்கம் போகும். பல வருஷம் கவுன்ட்டரில் நின்றவளுக்கு இந்த இடத்தில் கைகொடுக்க ஒன்றுமில்லை. தானே வெட்டத் தெரிந்தவள் பிழைத்துக்கொள்கிறாள்.

கவுன்ட்டர் என்னதான் கற்றுக்கொடுக்கிறது? ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டபின் வாங்காமல் எழப்போகிறவர் யார், முதல் மூன்றிலேயே முடிவெடுத்துவிட்டு மற்றதைச் சும்மா பார்க்கிறவர் யார் என்று முகத்தில் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது. எந்த நிறம் எந்த ஊரில் ஓடும் என்பதையும்தான். கொள்முதலை மட்டும் சொல்லித் தருவதில்லை. சென்னைச் சவுகார்பேட்டைக்கும் சூரத்துக்கும் முதலாளி வீட்டு ஆண்களே போவார்கள். அடக்க விலையைச் சீட்டில் எழுத்துக் குறியாகப் போட்டு வைக்கிற வழக்கம் பல கடைகளில் உண்டு. விற்கிற பெண்ணுக்கு அது தெரிய வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. (சில வருஷத்தில் அவளுக்கு அந்தக் குறி மனப்பாடமாகிவிடும் என்பது வேறு கதை.) குறி தெரிந்தாலும், சரக்குக்கு அறுபது நாள் கடன் தருகிற ஏஜென்டைத் தெரியாது. வேலையை விட்டு வந்தவளுக்கு அந்தக் கடன் சுலபத்தில் கிடைப்பதில்லை. டுவாக்ரா மகளிர் குழுக் கடன், நகைக் கடன், கொஞ்சம் முயன்றால் 2015இல் வந்த முத்ரா திட்டம், இவற்றை வைத்துத்தான் ஆரம்பம்.

எல்லை ஊருக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது, தமிழர்களுக்கு ஆடியில் கிடையாது. இரண்டும் ஒரே மாதமில்லை. ஆஷாடம் முன்னால் தொடங்கும், ஆடி பின்னால் முடியும். இரண்டு பாஷை வாடிக்கையும் வைத்திருக்கிற கடைக்கு மந்தம் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இழுக்கும், பாதிப் பாதியாக.

துணி விஷயத்தில் இலங்கையில் கதை தலைகீழ். பெரிய நூற்பாலைத் தொழில் அங்கே இல்லை. துணி வெளியிலிருந்து வருகிறது, தைத்த ஆடை வெளியே போகிறது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபின் வளர்ந்த ஆடைத் தொழில், இன்று நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. அந்தத் தொழிற்சாலைகளின் மிச்சம்தான் உள்ளூர்க் கடைகளுக்குப் பெரிய ஊற்று. ஒட்டாரா குணவர்தன 1989இல் இந்த மிச்ச ஆடைகளைக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார். அது ஒடெல் ஆனது, 2010இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது, 2014இல் சொஃப்ட்லொஜிக் குழுமத்தின் கைக்குப் போனது. அவர் சம்பளத்துக்குக் கவுன்ட்டரில் நின்று வந்தவரல்லர். ஆனால் அவர் போட்ட பாதை கவுன்ட்டர்க்காரிகளுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. மகரகம பக்கத்துப் பமுனுவ சந்தையிலும் கொழும்புப் புறக்கோட்டையிலும் குவியலுக்குள் கைவிட்டு, ஐரோப்பிய அளவில் தைத்த சட்டையில் உள்ளூர் உடம்புக்குப் பொருந்துவது எது, தையல் பிசகியதால் கழிக்கப்பட்டது எது, ஓர்டர் ரத்தானதால் மட்டும் மிஞ்சியது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கண் பெரிய ஷோரூமில் ஆயிரக்கணக்கான உடுப்புகளை மடித்து அடுக்கியவளுக்கு உண்டு.

பார்பரா சன்சோனியின் பெயார்ஃபூட், 1991இல் தொடங்கிய செலின் போன்றவை உள்ளூர்க் கைத்தறியை நெய்வித்தே விற்கின்றன. மதிப்பான வேலை. ஆனாலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடை போடுகிறவளுக்கு நெசவுக் கூடம் எட்டாது.

சேலையும் சுடிதாரும் என்றால் சென்னைதான். யாழ்ப்பாணத்திலும் வெள்ளவத்தையிலும் கடை வைத்திருக்கும் பெண்கள் தாங்களே தியாகராய நகருக்கும் சவுகார்பேட்டைக்கும் வந்து எடுத்துப் போகிறார்கள். கொள்முதல் இங்கே முதலாளி வீட்டு ஆண்களின் வேலை, அங்கே கடைக்காரியின் வேலை. யாழ்ப்பாணத்துப் பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி சென்னைச் சேவை தொடங்கியது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் 2023 அக்டோபரில் வந்தது. ஆனால் நாட்டின் கஜானா காலியானால் முதலில் அடிபடுவது இந்தச் சரக்குத்தான். 2021 செப்டம்பரில் மத்திய வங்கி, ஆடைகள் உட்பட 623 வகைப் பொருள்களின் இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னது. மறு வருஷம் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. பாலசமுத்திரத்தில் மாஸ்டர் ஓடிப்போனால் ஒரு கடை தவிக்கும், அங்கே அந்நியச் செலாவணி ஓடிப்போனால் தெருவே தவிக்கும். வரியும் அப்படித்தான். இந்தியாவில் சரக்கு மட்டும் விற்கிற கடைக்குப் பொதுவாக ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம், தையல் கூலியும் வாங்குகிற கடைக்கு அந்த வரம்பு 20 லட்சம். இலங்கையிலும் சிறு கடை பெறுமதி சேர் வரியின் வரம்புக்குக் கீழேதான் நிற்கும். ஆனாலும் 2024 முதல் 18 சதவீதமான அந்த வரி, முறையாக இறக்கிய சரக்கின் விலைக்குள் துறைமுகத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

முதல் எங்கிருந்து வருகிறது என்பதில் இலங்கைக்காரிக்கு ஒரு சௌகரியம். 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒரு ஆளை வைத்திருக்கும் கடையையும் விடாது. சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். பெண்கள் வேலையை விட்டு 50 வயதில் அதை எடுக்கலாம், கல்யாணத்துக்காக வேலையை விட்டாலும் எடுக்கலாம். எனவே ஐம்பது வயதில் கடை போடுகிற பெண் அங்கே அபூர்வமில்லை. இந்தியாவில் 20 பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்குப் பொதுவாக வருங்கால வைப்புநிதிக் கட்டாயம் இல்லை. சிறு நகரத்து ஜவுளிக் கடைப் பெண்கள் பலபேர் வெளியே வரும்போது கையில் எதுவும் இருக்காது, நகையைத் தவிர.

இலங்கைக்காரியே முதலாளியானதும் அதே சேமலாப நிதிச் சட்டம் அவளைத் திரும்பிப் பார்க்கிறது. வெள்ளவத்தையில் ஒரு தையல்காரியைக் கடைக்குள் மாதச் சம்பளத்துக்கு உட்கார வைத்தால், சேமலாப நிதி 12 சதவீதத்தோடு ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் கட்ட வேண்டும். அதனால் தையல் வெளியே, வீட்டுத் தையல்காரிகளிடம் துண்டுக் கணக்கில் போகிறது. அந்தக் கடை தையலை நம்பி நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கணிக்கிறேன். பாலசமுத்திரத்தில் மாஸ்டரும் இரண்டு உதவிப் பெண்களும் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த நிதியும் இல்லாமல். அதில் ஒருத்தி இன்னும் சில வருஷத்தில் தனிக் கடை போடுவாள். அவளுக்கு வெட்டத் தெரிந்திருக்கும், கையில் காசு இருக்காது.