அண்ணாவியாரின் காது

வட்டுக்கோட்டைக் கூத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஆட்டத்தைப் பேசுவார்கள், உடுப்பையும் முடியையும் பேசுவார்கள், ‘தருமபுத்திரன்’ நாடகத்தில் எந்தத் தலைமுறைத் தருமன் பெரியவன் என்று விடிய விடிய வாதாடுவார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எப்படிக் கேட்கிறார் என்பதை மட்டும் பேசுவதில்லை. எனக்கு இந்தக் கலையில் ஆகப் பிடித்தது அதுதான்.

வட்டுக்கோட்டையார் ஆடும் வடமோடி குரலுக்கு இரக்கம் காட்டாத ஆட்டம். வட்டக்களரியில் சபை நாலு பக்கமும் இருக்கும். துள்ளி ஆடிக்கொண்டே தருப் பாட வேண்டும், மூச்சு ஆறுமுன் விருத்தம் எடுக்க வேண்டும், பக்கத்திலேயே மத்தளம் முழங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொண்டையை விடியும்வரை காப்பாற்றுவது வேர்க்கொம்பும் பனங்கற்கண்டும் என்று நம்புகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். காப்பாற்றுவது காது என்பதே என் எண்ணம்.

கூத்துப் பழகும் முற்றம் ஒன்றில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இளம் பெடியன் ஒருவன், நல்ல சாரீரம். மத்தளம் உரக்க உரக்க அவனும் உரத்தான். கழுத்து நரம்பு புடைத்தது, மூன்றாவது சுற்றில் மேல்தாயி உடைந்து வெறும் காற்று வந்தது. அண்ணாவியார் ‘மெதுவாய்ப் பாடு’ என்று சொல்லவில்லை. உள்ளங்கையால் மத்தளத்தின் முகத்தை அமத்தினார். தாளம் மட்டும் போட வைத்து அதே தருவைப் பாடச் சொன்னார். குரல் தானாக இறங்கியது, உடைந்த இடம் ஒட்டிக்கொண்டது. “இப்ப உன்ர சத்தம் உனக்குக் கேக்குதோ தம்பி? முதல் கேக்கேல்ல, அதுதான் கத்தினனீ” என்றார். பிறகு மத்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தார். அந்தப் பெடியனோ, கேட்ட அளவை விடாமல் பிடித்துக்கொண்டான்.

பாரிஸ் நகரில் காது மூக்குத் தொண்டை வைத்தியராக இருந்த எட்டியென் லொம்பார் 1911இல் எழுதியதும் இதைத்தான். காதில் இரைச்சலைச் செலுத்தினால் மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள், இரைச்சலை நிறுத்தினால் குரல் தணிகிறது. காது கேளாததுபோல் நடிப்பவர்களைக் கண்டுபிடிக்க அவர் இதைப் பயன்படுத்தினார். பின்னால் வந்தவர்கள் இதையே மருந்தாக்கினார்கள். குரல்நாண்களில் பழுதில்லாமலே பேச்சடைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அதிர்ச்சி, மன அழுத்தம் என்று காரணங்கள் பல. அப்படியானவருக்குக் காதுப்பொறி மாட்டி, இரைச்சலைக் கூட்டி, கையில் கொடுத்ததை வாசிக்கச் சொல்வார்கள். தன் குரலைத் தானே கண்காணிக்க முடியாமல் போன அந்தக் கணத்தில் சிலருக்குக் குரல் வெளிவந்துவிடும். சிகிச்சையாளர் அதைப் பதிவுசெய்து, இரைச்சலை நிறுத்தி, அவருக்கே போட்டுக் காட்டுவார். ‘இது என்ர குரலோ’ என்று கேட்பவருக்குப் பாதி வழி கடந்தாயிற்று.

பிற்பாட்டின் அருமையையும் இங்கே சொல்ல வேண்டும். கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடும்போது அவனுக்கு மூச்சு கிடைக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. அவனுடைய காதுக்குச் சுருதியும் கிடைக்கிறது. ஆய்வுகூடத்தில் ஒருவர் பாடும் குரலைக் கருவியால் சற்று உயர்த்தி அவர் காதுக்கே அனுப்பினால், தொண்டை அதைச் சரிசெய்யும் நோக்கில் பெரும்பாலும் தாழ்ந்து கொடுக்கிறது. அதற்குப் பிடிக்கும் நேரம் ஒரு விநாடியில் பத்திலொரு பங்கோ ஐந்திலொரு பங்கோதான். யோசிக்க நேரமில்லை, காது சொன்னதைத் தொண்டை செய்கிறது. ஆகவே சுருதி விலகிய பிற்பாட்டு நல்ல கூத்தனையும் கெடுத்துவிடும். சாரீரத்தைவிடச் செவியைப் பார்த்துப் பிற்பாட்டுக்கு ஆள் எடுக்கும் அண்ணாவியாரே என் கணக்கில் பெரியவர்.

இசை நாடகக்காரருக்கு அந்த உதவியை ஆர்மோனியம் செய்தது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் (1924–1989) ‘மயான காண்டம்’ பதிவுகளைக் கேட்பவர்கள் அவருடைய உச்சத்தாயியை மெச்சுவார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஓயாமல் கேட்கும் சுருதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. அவை சபையைப் பார்த்தபடி நிற்கின்றன. பாடுபவனுக்குத் தன் குரல் கேட்பதில்லை, மத்தளம்தான் கேட்கிறது, ஆகவே அவனும் உரக்கிறான். பேசும்போது ஆணின் குரல்நாண்கள் விநாடிக்கு 100 தடவைக்கு மேல் மோதுகின்றன, பெண்ணுடையவை 200 தடவை அளவில். உரக்கும்போது மோதலின் பலமும் கூடும். அப்படி மோதி மோதித்தான் இரண்டு நாண்களிலும் எதிரெதிரே தடிப்பு விழுகிறது. பாடகருக்கு மட்டுமல்ல, வகுப்பறை இரைச்சலுக்கு மேலே கத்திப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதே கதைதான்.

பாட்டு வாத்தியார் மனுவேல் கார்சியா 1854இல் கண்ணாடி வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். அந்த ஆண்டுகளில் இங்கே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலை வைத்தியம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அன்று தொடங்கிக் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனாலும் கரகரப்பு எவ்வளவு, காற்றொழுக்கு எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு என்று சிகிச்சையாளர் இன்றும் காதால் கேட்டுத்தான் 0 முதல் 3 வரை புள்ளி போடுகிறார். ஜப்பானிய வைத்தியர் ஹிரானோ 1981இல் பரப்பிய முறை அது. பழகிய செவியில்லாமல் அது நடக்காது. அண்ணாவியாரின் வித்தையும் அதுவே என்பதால் அந்தச் சிகிச்சையாளர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அவர்கள் கையில் நான் ஆகவும் வியப்பது பார்க்கின்சன் நோயாளிக்குச் செய்வதை. அவருடைய குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்திருக்கும், அவரோ ‘நான் சரியாத்தான் கதைக்கிறன், மனிசிக்குத்தான் காது மந்தம்’ என்பார். பொய்யல்ல, அவருடைய உள் அளவு அப்படி மாறிப்போயிருக்கிறது. உரத்துப் பேச வைத்து, ‘இதுதான் அளவான சத்தம்’ என்று அவருக்கு நாள்தோறும் பழக்குவதே சிகிச்சை. எதிர்ப்பக்கமும் உண்டு. கேட்டல் குறைந்த முதியவர் தேவைக்கு மேல் உரக்கிறார், சுருதி நழுவுகிறது. அவருக்குக் கேட்கும் கருவிதான் குரலுக்கும் மருந்து.

கோயில் சபைகளுக்கும் கூத்து மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கிகளில் ஒன்றையாவது களரிப்பக்கம் திருப்பி, பாடுபவனுக்கு அவன் குரலைக் கேட்கக் கொடுங்கள். பிற்பாட்டுக்காரரைத் தூரத்தில் நிறுத்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிக் கிடந்தால் கசாயத்தோடு நிற்காமல் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள், போன இடத்தில் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.