எழுத்துரு மாற்றம்: வசதியும் வில்லங்கமும்

ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவது, திருச்சியில் ஆய்வேடும் விழா மலரும் வடிவமைக்கும் டிடிபி கடைகளில் பழகிப்போன வேலை. இதில் நியாயமும் உண்டு. பல பேர் தட்டச்சு செய்த அத்தியாயங்கள் ஒரே தோற்றம் பெறும். அகலமான எழுத்துருவை விட்டு ஒடுக்கமானதற்கு மாறினால் பக்கமும் காகிதமும் மிச்சம்.

இந்த வசதி ஒருங்குறி ஆவணத்துக்குத்தான் பொருந்தும். அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உண்டு. எழுத்துரு வெறும் உடை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அப்படியில்லை. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவைக் கழற்றினால் மொழியே கழன்றுவிடும். ஆங்கில மேற்கோள்மீது பாமினி ஏறினாலோ, அது பொருளற்ற தமிழாகும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டிலேயே கிடக்கின்றன.

ஒருங்குறிக்கு வந்தாலும் ஸ்ரீரங்கம் தன் பெயரிலேயே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. ‘ஸ்ரீ’யை ‘ஸ’ கொண்டும் அமைக்கலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் அமைக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே தெரியலாம். எழுத்துரு மாறும்போது ஒன்று கூடி நிற்க, மற்றொன்று பிரிந்துபோகக்கூடும். இங்கே நம்பிள்ளை சொல்ல, வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ‘ஈடு’ போன்ற மணிப்பிரவாள உரைகளில் சிரமம் இன்னும் அதிகம். வடசொற்களைக் கிரந்தத்தில் அச்சிடுவது பழைய மரபு. கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது 2014இல்தான். வழக்கமான தமிழ் எழுத்துருக்களில் அதன் வடிவங்கள் இருப்பதில்லை. மொத்தமாக மாற்றினால் வடசொல் இருந்த இடத்தில் வெறுங்கட்டங்கள் நிற்கலாம்.

பழைய குறியீட்டை ஒருங்குறியாக்கும் மாற்றிகளும் முழுத் தீர்வு அல்ல. வெறும் உரையை மட்டும் வாங்கித் தருகிற மாற்றியில் அடிக்குறிப்பும் தடித்த எழுத்தும் தொலைந்துபோகும். ‘தேடி மாற்று’ வசதியில் சொல்லுக்குப் பதில் எழுத்துருவையே தேடினால், பாமினிப் பகுதிகள் மட்டும் தனியே அகப்படும். அவற்றை முதலில் ஒருங்குறியாக்க வேண்டும். பிறகு தலைப்பு, உடற்பகுதி, மேற்கோள் எனத் தனித்தனிப் பாணி வகுத்து, எழுத்துருவைப் பாணியில் மாற்றுவதே முறை.

ஒரே சொடுக்கு மாற்றம் தோற்றத்தைச் சீராக்கும் நல்ல கருவி. குறியீட்டுப் பிழையைத் தீர்க்கும் மருந்தல்ல. மாற்றுமுன் மூலக்கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள். மாற்றியபின் மெய்ப்பை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள்.